ஒற்றை கியர் சைக்கிளில் பழவேற்காடு: பல் கணக்கும் காற்றுக் கணக்கும்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன் செயின்வீலில் ஒரு பல்லுக்குச் சாக்பீஸால் குறி வைத்து எண்ணினால், பழைய கறுப்பு சைக்கிளில் பெரும்பாலும் 44 வரும். பின்னால் ஃப்ரீவீலில், அதாவது பின்சக்கரத்துப் பல்வட்டில், 18. பால் கேன் கட்டுகிறவர், மீன் கூடை கட்டுகிறவர், பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று வடசென்னையில் எந்த ரோட்ஸ்டர் சைக்கிளைப் பிடித்து எண்ணினாலும் ஏறக்குறைய இதே கணக்குதான். தண்டையார்பேட்டையிலிருந்து மண்ணடிக்குப் போய் வர அது போதும். திருவொற்றியூரிலிருந்து பழவேற்காடு போய் அன்றைக்கே திரும்புவதற்கு 18 பல் தப்பு, 20 போட வேண்டும் என்பது என் கட்சி. கியர் சைக்கிள்காரர் கஷ்டம் வந்தபிறகு பட்டனை அமுக்கிக்கொள்ளலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எவ்வளவு சுமை என்று எல்லாவற்றையும் முதல் நாளே யோசித்து, கியரை வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கணக்கைப் பார்த்துவிடலாம். 28 இன்ச் சக்கரம், ஒன்றரை இன்ச் டயர், மேலே ஆள் உட்கார்ந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும். 44-ஐ 18-ஆல் வகுத்து 2.2-ஆல் பெருக்கினால், பெடல் ஒரு முழுச்சுற்று சுற்றும்போது வண்டி 5.4 மீட்டர் போகிறது. நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் சொச்சம். பின்னால் 20 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4.84 மீட்டர், அதே 60 சுற்றில் 17.4 கிலோமீட்டர். அதாவது வித்தியாசம் மணிக்கு 2 கிலோமீட்டர்தான். ஆனால் எதிர்காற்றில் கால் தளர்ந்து நிமிஷத்துக்கு 50 சுற்றுக்கு இறங்கும்போதுதான் விஷயம் புரியும். 20 பல்லில் அந்த 50 சுற்றை மூன்று மணி நேரம் தொடர்ந்து மிதிக்கலாம். 18 பல்லில் 50-க்கு இறங்கிய கால் 45, 40 என்று இறங்கிக்கொண்டே போகும், பிறகு ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். முட்டி போவது அப்போதுதான்.

கடையில் போய், "அண்ணா, பின்னாடி இருபது பல்லு போட்டுக் குடுங்க" என்றால், "இருபதா? காலு சும்மா சுத்தும்பா, வண்டி நகராது" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. காற்று முதுகில் தள்ளும்போது 20 பல் வெறுமனே சுற்றுவது போலத்தான் இருக்கும். அதற்குத்தான் ஃப்ரீவீல். பத்து மிதி மிதித்துவிட்டுச் சும்மா உட்காருங்கள், வண்டி தானே உருளும். பின்காற்றில் இழப்பது கொஞ்சம் வேகம். எதிர்காற்றில் 18 பல்லால் இழப்பது அன்றைய நாள் முழுவதும். 16 பல் வாங்கிப் போட்டுக்கொண்டு 'ரேஸ் கணக்கு' என்று பெருமை பேசுகிறவர்களை விட்டுவிடுவோம். 22 பல்லும் கடையில் கிடைக்கும். கேரியரில் பதினைந்து கிலோவுக்கு மேல் கட்டுகிறவர்கள் அதை யோசிக்கலாம்.

எதிர்காற்று ஏன் இவ்வளவு வதைக்கிறது என்றால், காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அசையாத காற்றில் 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே 15 கிலோமீட்டர் காற்று வந்தால், அவர் நெஞ்சில் மோதுவது 33 கிலோமீட்டர் காற்று. தடை மூன்று மடங்குக்கும் மேல். அந்த நிலையில் 18 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்து வைக்கப் பார்ப்பது வீம்பு. 13, 14 கிலோமீட்டருக்கு இறங்கி, முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி, விடாமல் சீராக மிதிக்க வேண்டும். ஹேண்டில்பார் நிமிர்ந்த சைக்கிளில் உடம்பே பாய்மரம் மாதிரி விரிந்து நிற்கும். காற்றாடச் சட்டைப் பட்டனைத் திறந்து விடுகிற பழக்கத்தை அன்றைக்கு மட்டும் நிறுத்துங்கள்.

ஒற்றை கியரில் தூரம் போக முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், செயினை ஒரு பல்வட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டவிடும் டிரெயிலியர் (derailleur) கருவியை 1937-இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை மலை அடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். சக்கரத்தின் ஒரு பக்கம் சின்னப் பல், மறுபக்கம் பெரிய பல். இப்போது நடக்கும் பிரெவே என்ற, நேரக்கெடு வைத்த நெடுந்தூரச் சவாரிகளில் 200 கிலோமீட்டருக்குக் கொடுக்கும் நேரம் 13 மணி 30 நிமிடம். சராசரி 15 கிலோமீட்டருக்கும் குறைவு. பழவேற்காடு போய் வருவது திருவொற்றியூரிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், வழியெல்லாம் தட்டையான தரை. வழியில் மலை என்று சொல்வதற்கு மேம்பாலங்கள் மட்டும்தான்.

மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். நம் பாதை திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி வரை வடமேற்காகப் போகிறது. பொன்னேரியில் திரும்பி வடகிழக்காகப் பழவேற்காட்டுக்குப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மாதத்தைப் பாருங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து பதினொரு மணிக்கே கடற்காற்று எழும்பிவிடும். அது வருவது தென்கிழக்கிலிருந்து. போகும்போது முதுகில் தள்ளும், ஆகா என்றிருக்கும். திரும்பும்போது பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை இடது பக்கத்தில் அடிக்கும். பொன்னேரி தாண்டி மீஞ்சூர், மணலி என்று திரும்பியதும் நேராக முகத்தில். உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில், கடைசி 27 கிலோமீட்டர் முழுக்க. கோடையில் பழவேற்காடு போய் அவதிப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கடைசித் துண்டில்தான் படுத்தார்கள். எனவே கோடையில் விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, பத்து மணிக்குள் பொன்னேரியைத் திரும்பத் தொட்டுவிட வேண்டும். முடியாதென்றால் மாலை வரை நிழலில் இருந்துவிட்டு வருவது மேல்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேல்காற்று, கச்சான் என்பார்கள். பொன்னேரி வரை இடது முன்பக்கத்திலிருந்து இடிக்கும், அதன்பிறகு பழவேற்காடு வரை தள்ளிவிடும். மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து அதை அடக்கும். அந்த இடைவெளியில் ஒரு மணி நேரம் காற்றே இல்லாமல் புழுங்கும். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடை. பொன்னேரி-பழவேற்காடு துண்டு முழுக்க மூக்குக்கு நேரே எதிர்காற்று, திரும்பும்போது சொகுசு. எதிர்காற்று முதலில், பின்காற்று கடைசியில் வருவதால் ஒற்றை கியருக்கு டிசம்பர், ஜனவரிதான் உத்தமமான மாதங்கள், மழை மட்டும் விட்டுக் கொடுத்தால்.

இனி ஃப்ரீவீல் மாற்றும் வேலை. பழைய ஃப்ரீவீல் வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து ஹப்பின் மரையில் இறுகியிருக்கும். அதில் இரண்டு பள்ளம் இருக்கும், அதற்கான சாவியை உட்கார வைத்து, நழுவாமல் இருக்க ஆக்ஸில் நட்டைப் போட்டுப் பிடித்து, வைஸில் கவ்விச் சக்கரத்தையே இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஒரு தட்டு இளகியதும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் சாவி உடையும். வீட்டில் உளியும் சுத்தியும் வைத்துத் தட்டாதீர்கள். பள்ளம் சிதைந்தால் பிறகு ஃப்ரீவீலைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொடி பால்ஸெல்லாம் தரையில் சிந்தி, வேலை இரட்டிக்கும். புதியதைப் போடும்முன் மரையில் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

செயினையும் சேர்த்துப் பாருங்கள். அரை இன்ச் கண்ணி என்பதால் 24 கண்ணி சரியாக 12 இன்ச் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்துப் பின்னின் நடுவிலிருந்து பின்னின் நடுவுக்கு அளங்கள். பன்னிரண்டே கால் வரை காத்திருக்கத் தேவையில்லை, 12-க்கு மேல் அரைக்கால் இன்ச் போனாலே அந்தச் செயின் முடிந்தது. நீண்டுபோன செயினைப் புதுப் பல்லில் மாட்டினால் அழுத்தி மிதிக்கும்போது பல் மேலேறிக் 'கடக்' என்று வழுக்கும். எழுந்து நின்று மிதிக்கும்போது அது நடந்தால் முட்டி ஹேண்டில்பாரில் மோதும். கியர் சைக்கிள் செயின் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், அதன் அகலம் குறைவு, நம் தடித்த பல்லில் உட்காராது.

18-லிருந்து 20-க்கு மாறும்போது அதே செயினே பெரும்பாலும் போதும். பின்சக்கரம் சுமார் 6 மில்லிமீட்டர் முன்னால் நகரும், அவ்வளவுதான். சக்கரம் ஏற்கனவே பள்ளத்தின் முன்கோடியில் இருந்தால் ஒரு ஜோடிக் கண்ணி, அதாவது ஒரு இன்ச், சேர்க்க வேண்டும். அப்போது சக்கரம் அரை இன்ச் பின்னால் போகும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த முனை பின்னால். திருப்பிப் போட்டால் எதிலாவது இடித்து லாக் தெறித்துவிடும். சின்ன விஷயம், ஆனால் வல்லூரில் மத்தியான வெயிலில் தரையில் லாக் தேடுவது சின்ன விஷயமில்லை.

செயின் இழுவை எவ்வளவு இருக்க வேண்டும்? கீழ்ச்செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை இன்ச் அசைய வேண்டும். ஒரு நுணுக்கம்: எந்தச் செயின்வீலும் முழு வட்டமில்லை. பெடலை மெல்லச் சுற்றிக்கொண்டே பார்த்தால் ஓரிடத்தில் செயின் இறுகும், இன்னோரிடத்தில் தொளதொளக்கும். இறுகுகிற இடத்தில் வைத்துத்தான் அரை இன்ச் பார்க்க வேண்டும். தொளதொளப்பில் வைத்து அளந்தால் இறுகும் இடத்தில் செயின் விறைத்து, கிராங்க் அச்சு பால்ஸும் பின் ஹப் பால்ஸும் அரைபடும். 'கொர்ர்' என்ற சத்தம் அதுதான். ரொம்பத் தொங்கவிட்டால் வேகத்தடையில் செயின் கழலும். பின்நட்டுகளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். வலது நட்டு தளர்வாக இருந்தால் எதிர்காற்றில் அழுத்தும் அழுத்தில் ஆக்ஸிலின் வலது முனை முன்னால் இழுபட்டு, டயர் இடது பக்கக் குழாயில் உரசும். திடீரென்று வண்டி கனத்தால் முதலில் அங்கே குனிந்து பாருங்கள்.

பழைய சைக்கிளில் தூரப் பயணத்துக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது காட்டர் பின், அதாவது பெடல் மாட்டிய கிராங்கை அச்சோடு பிடித்துவைக்கும் ஆப்பு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 'டக்', காலுக்குக் கீழே லேசாக ஒரு ஆட்டம் என்றால் பின் தேய்ந்துவிட்டது. நட்டை முடுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். நட்டின் வேலை பின்னை இழுப்பதல்ல, உட்கார்ந்த பின்னைப் பிடித்துவைப்பது. சுத்தியால் பின்னை நன்றாக இறக்கிவிட்டு, பிறகு நட்டை முடுக்க வேண்டும். அடிக்கும்போது கிராங்குக்குக் கீழே இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுக்காவிட்டால் அடி முழுக்க பால்ஸில் இறங்கும். புதுப் பின் போட்டால் 20 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஒரு தட்டு. ஆட்டத்தோடு அப்படியே ஓட்டினால் பின் மட்டுமல்ல, கிராங்கின் துளையே சிதையும், அதற்கு மருந்து கிடையாது.

சீட்டு உயரம் பற்றி ஒரே வரி: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது முட்டி நேராக நீள வேண்டும். இங்கே பாதிப் பேர் சிக்னலில் இரண்டு காலும் தரையில் படும் உயரத்துக்குச் சீட்டை இறக்கி வைத்திருப்பார்கள். அது தெருவுக்குச் சரி. 90 கிலோமீட்டருக்கு முட்டியின் முன்பக்கம் வலி எடுக்கும். முட்டிக்குப் பின்னால் வலித்தால் சீட்டு அதிக உயரம். உயர்த்தும்போது சீட்டுக் குழாய் ஆறேழு சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

சக்கரத்தில் பழைய சைக்கிளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முன்னால் 32 ஸ்போக்ஸ், பின்னால் 40. கியர் சைக்கிளில் பல்லடுக்குக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலதுபக்கக் கம்பிகள் அதிக விறைப்பில் நிற்கும், அடிக்கடி அறும். நமக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அப்படியும் அறுவது பின்சக்கரத்தில்தான், ஹப்பில் வளைகிற முனையில். கிளம்புவதற்கு முந்தின வாரம் கோட்டம் எடுத்துவிட்டு, கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் பிசைந்து பாருங்கள். ஒன்று மட்டும் தொய்ந்திருந்தால் அடுத்தது அறுவதற்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். முந்தின நாள் இரவு கோட்டம் எடுக்காதீர்கள், எடுத்த கம்பி ஒரு பத்து இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் நிலைக்கும்.

இனி பாதை. மணலி வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், அங்கே ராஜா கன்டெய்னர் டிரெய்லர்தான். விடிகாலை இருட்டில் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர்கள் ஓடுகிற டிரெய்லர்களைவிட ஆபத்து. டைனமோ விளக்கு சக்கரத்தில் உரசி இழுக்கும், வண்டி நின்றால் அணைந்தும் விடும். பேட்டரி விளக்கு முன்னால் ஒன்று, பின்னால் சிவப்பு ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். ரோட்டைக் குறுக்கே வெட்டும் ரயில் தண்டவாளங்களில் சாய்வாக ஏறினால் ஒன்றரை இன்ச் டயர் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கிவிடும். வேகத்தைக் குறைத்து, தண்டவாளத்துக்குச் செங்குத்தாகத் திருப்பிக் கடக்க வேண்டும். காசிமேட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று: மீன் வண்டிகளிலிருந்து ஒழுகிய தண்ணீரில் ரோடு எண்ணெய் பூசியது போல வழுக்கும். அங்கே பிரேக்கைப் பிடித்துக்கொண்டே திரும்பாதீர்கள்.

மணலியிலிருந்து மீஞ்சூர் வரை பங்க்சருக்கு முக்கியக் காரணம் ஆணியில்லை. வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த எஃகு நூல்தான், தலைமுடி கனம் இருக்கும். டியூபை ஒட்டிவிட்டுத் திரும்ப மாட்டினால் அடுத்த கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி இறங்கும், ஏனென்றால் நூல் டயருக்குள்ளேயே இருக்கிறது. டயரின் உள்பக்கம் பஞ்சையோ பழைய துணியையோ வைத்துச் சுற்றித் தடவினால் நூல் துணியைப் பிடித்து இழுக்கும். கட்டிங் பிளேயர் இல்லாமல் அது வராது, சின்னதாக ஒன்று எடுத்துப் போங்கள். பொன்னேரி தாண்டி மெதூர், திருப்பாலைவனம் பக்கம் வந்துவிட்டால் காரணம் மாறும்: சீமைக்கருவேல முள். வண்டியை ஓரம் கட்டும்போது மண்ணில் உருட்டாமல் தூக்கி வையுங்கள்.

பங்க்சர் ஒட்ட இந்தச் சைக்கிளில் பின்சக்கரத்தைக் கழற்றாதீர்கள். அந்த ஆக்ஸிலில் ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு கம்பி எல்லாம் மாட்டியிருக்கிறது, கழற்றினால் அரை நாள் வேலை, திரும்பச் செயின் இழுவையும் பார்க்க வேண்டும். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து எடுத்து, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து அங்கேயே ஒட்டிவிடலாம். உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் பேட்ச் வைப்பதுதான் பாதிப் பேட்ச் பிரிவதற்குக் காரணம்.

சில சமயம் பங்க்சரே இருக்காது, காற்று மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தால் குமிழி வரும். குற்றவாளி வால்டியூப், வால்வின் மேல் ஏற்றியிருக்கும் சின்ன ரப்பர் குழாய். வெயிலில் அந்த ரப்பர் பிசுபிசுத்துக் கிழியும். ஒரு சாண் வால்டியூப் வாங்கினால் சில ரூபாய்தான், சட்டைப்பையில் ஒரு மாத்திரை டப்பாவில் கிடக்கட்டும். ஈரப்படுத்தி உருட்டி ஏற்ற வேண்டும், வறட்சியாக இழுத்தால் அப்போதே கிழியும். காற்று 45 பி.எஸ்.ஐ. அளவுக்கு இருந்தால் போதும். கட்டைவிரலால் முழு பலத்தோடு அமுக்கினால் லேசாக மட்டும் இறங்க வேண்டும்.

சாம்பலைப் பற்றிச் சொல்லாமல் வடக்கே போகும் பாதையைப் பற்றி எழுத முடியாது. அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் லாரியிலிருந்து பறந்து ரோட்டோரத்தில் மாவு போலக் கிடக்கும். மாவு போல இருந்தாலும் அதற்குள் கண்ணாடி மாதிரி கடினமான துகள்கள். சொட்டச் சொட்ட எண்ணெய் விட்ட செயினில் அது ஒட்டினால் கடைசலுக்குப் போடும் அரைப்பசை மாதிரி ஆகிவிடும். செயினுக்கு எண்ணெய் விட வேண்டியது கிளம்புவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. அரை மணி கழித்து வெளியே தெரிகிற எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது பின்னுக்குள், பளபளப்பில் இல்லை. முழு செயின் கவர் இருக்கிற சைக்கிள் என்றால் அதைக் கழற்றி எறியாதீர்கள், இந்த ரோட்டில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

அதே சாம்பலும் பழைய கிரீஸும் ஃப்ரீவீலுக்குள் சேர்ந்தால் உள்ளே இருக்கும் சின்னப் பற்கள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. பெடல் இரண்டு பக்கமும் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் அடைப்பதை இதனால்தான் வேண்டாம் என்கிறேன். மண்ணெண்ணெய் அல்லது டீசல் விட்டுச் சுற்றிக் கழுவி, மெல்லிய மெஷின் எண்ணெய் நான்கு சொட்டு விட்டால் பெரும்பாலும் உயிர் வரும். நடு ரோட்டில் டீசலும் இல்லையென்றால் பின்பல்லை ஸ்போக்ஸோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் நான்கைந்து இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். வண்டி நகரும். ஆனால் இனி மிதிப்பதை நிறுத்த முடியாது, பெடல் காலை இழுத்துக்கொண்டே சுற்றும். மேம்பால இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அடுத்த கடை வரைக்கும்தான் இந்த வித்தை.

மழையில் ராடு பிரேக்கை நம்பாதீர்கள். நனைந்த எஃகு ரிம்மில் ரப்பர் கட்டை முதல் பல மீட்டருக்கு வெறுமனே வழுக்கும். தூறல் ஆரம்பித்ததும் அவ்வப்போது பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும், முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு மடங்கு இடம் விட வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படுகிறதா என்று கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.

கேரியரில் என்ன கட்டுவது? பம்ப், பேட்ச் சாமான், வால்டியூப், பல வாய் வைத்த சைக்கிள் ஸ்பேனர், பிளேயர், இரண்டு செயின் லாக், கட்டுக்கம்பி ஒரு முழம், இரண்டு ஸ்போக்ஸ். ஸ்போக்ஸைக் கேரியர் கம்பியோடு வைத்து ஒட்டிவிடலாம். மொத்தத்தையும் ஒரு பையில் போட்டு, பழைய டியூபை நீளமாக வெட்டிய பட்டையால் இறுக்கிக் கட்டினால் எந்தக் கடை பெல்ட்டையும்விட நன்றாகப் பிடிக்கும். பை ஆடக் கூடாது. எழுந்து நின்று மிதிக்கும்போது ஆடுகிற சுமை பின்சக்கரத்தையே வாலாட்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், கோடையில் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் தொடை பிடித்துக்கொள்ளும், இடையில் உப்புப் போட்ட மோரோ கேழ்வரகுக் கூழோ வேண்டும். பொன்னேரியில் நன்றாகச் சாப்பிட்டுக் கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வெட்டவெளி, நிழலும் குறைவு, கடையும் குறைவு. பழவேற்காட்டில் நண்டையும் இறாலையும் பார்த்ததும் வயிறு முட்டச் சாப்பிடத் தோன்றும், 45 கிலோமீட்டர் திரும்ப மிதிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வடசென்னையின் பர்மா நூடுல்ஸான அத்தோவுக்குக் கூட ஊர் திரும்பிய பிறகுதான் நேரம்.

முடியவில்லை என்றால் பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிற மின்சார ரயிலில் ஏறிவிடலாம், மறுநாள் போய் எடுத்துக்கொள்ளலாம். பூட்டு கொண்டுபோனால்தான் இந்த வழி.

திரும்பி வந்ததும் குழாயடியில் நிறுத்தித் தண்ணீரை அடிக்காதீர்கள், ஹப்புக்குள் போகும். உப்புக்காற்றும் சாம்பலும் படிந்த ரிம்மையும் ஸ்போக்ஸையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை. செயினை மண்ணெண்ணெய்த் துணியில் பிடித்துப் பத்துச் சுற்று. நட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய். காட்டர் பின்னுக்கு மறுபடி ஒரு தட்டு. தெருவுக்குள் மட்டும் ஓட்டப் போவதாக இருந்தால் 18-ஐத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் 20-ஐக் கழற்றச் சொல்லி மறுபடி கடைக்கு வருகிறவர்கள் குறைவு.